மெத்தைக் கடையில் பதிந்தது

அல்பத்தின் பேர் ‘முப்பது பாகம்’.
துறைமுகத்தின் ஆழம் அதுவல்ல என்று
நேவிக்கு மரக்கறி கொடுக்கிற ஒருவர் சொன்னார்.
அட்டை அடித்தாகிவிட்டது. மாற்றவில்லை.

குழுவின் பேர் நூறாவது தாங்கி.
சீனக்குடாக் காட்டுக்குள்
எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது என்று ஊர்க்கணக்கு.
மிச்ச ஒன்று நாங்கள்:
எண்ணெய் இல்லாதது,
உள்ளே கத்தினால் திருப்பிக் கத்துவது.

ஸ்ரூடியோ என்று நாங்கள் சொன்னது
மத்திய வீதியில் நவாஸ்தீன் முதலாளியின்
மெத்தைக் கடைப் பின்னறை.
நாலு சுவருக்கும் நிமிர்த்தி வைத்த
தும்பு மெத்தை, ஸ்பொஞ் மெத்தை,
பொலித்தீன் கழற்றாத புது மெத்தை.
வாடகை இல்லை. ஒரேயொரு நிபந்தனை:
ஆள் வந்து கேட்டால் மெத்தை போகும்.

ஆகவே காது உள்ளவர்கள் கவனிக்கலாம்.
முதல் பாட்டில் ட்ரம்ஸ் நெஞ்சுக்குள் அடிக்கும்.
மூன்றாவதில் கொஞ்சம் குகை.
அன்றைக்கு நிலாவெளியில் ஒரு கலியாணம்,
இரட்டை மெத்தை இரண்டு போயிற்று.
ஐந்தாவதற்கு முதல்நாள் ஹோட்டல்காரர் லொறியோடு வந்தார்.
பிறகு வெறும் சுவர்தான்.
ஜெனிற்றாவின் உறுமல் அதில் மோதித் திரும்பி
அவளையே பயம் காட்டிற்று.

பகலில் அவள் ஆஸ்பத்திரியில் தாதி.
குரலைச் சேமிக்க
நோயாளர்களிடம் கிசுகிசுப்பாள்.
தங்களுக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று
அவர்கள் முகம் வெளிறுவார்கள்.

முதல் நாலு பாட்டும் நிப்ராஸ் அடித்தது.
முதுகில் சிம்பலைக் கட்டிக்கொண்டு
கிண்ணியாப் பாலத்தால் மோட்டார்சைக்கிளில் வருவான்,
தூரத்தில் பார்த்தால் ஆமை.
இரட்டை மிதியில் அவன் கால் ஓடின ஓட்டத்தை
கட்டார் விசா முந்திவிட்டது.

அடுத்தது அசங்க, அபயபுரத்தான்.
பாட்டுத் தமிழ் அவனுக்கு விளங்காது.
“எங்கட கத்தலில தமிழனுக்கே விளங்காது, விடு” என்றான் றொஷான்.
எக்கய், தெக்கய், துனய், ஹத்தரய்
என்று குச்சி தட்டி எண்ணித் தொடங்குவான்.
வெட்டு என்றான் மிதுர்ஷன்.
இருக்கட்டும் என்றேன் நான்.
மூன்று நாள் பேச்சில்லை.
எண்ணிக்கை இருந்தது. மிதுர்ஷன் போனான்,
அதற்காக அல்ல, ருமேனியாவுக்கு.

ஆறாம் பாட்டின் சோலோவில் அவன் பாதி.
மீதியை றொஷான் ஒட்டினான்.
தையல் தெரியும்:
ஒருவன் கோபத்தில் ஏறின உயரத்திலிருந்து
மற்றவன் படி பார்த்துப் பார்த்து இறங்குகிறான்.

நான் பேஸ்.
ஏழு பாட்டிலும் இருக்கிறேன், கேட்காது.
கடைசிப் பாட்டு வேகம் பிடிக்கும் இடத்தில்
ஒரு கட்டை தள்ளி விரல் வைத்துவிட்டேன்.
திரும்ப அடிக்கலாம் என்றபோது கரண்ட் நின்றது.
கரண்ட் வந்தபோது
அசங்க மா ஆலைக்கு இரவு வேலைக்குப் போய்விட்டான்.
விட்டோம்.

தை மாதம் நானும் விலகினேன்.
பெரிய காரணமில்லை. மணிக்கட்டு. ஷிஃப்ட்.
ஃபிரிட்ஜுக்குக் கட்டுகிற தவணை.
அட்டையின் பின்பக்கம் பேர் எழுதும் வேலையை மட்டும்
என்னிடமே விட்டார்கள்.
இருந்தவர் போனவர் வந்தவர்
எல்லோரையும் ஒரே எழுத்தளவில் போட்டேன்.
மெத்தைகளைப் போடவில்லை.
முதலாளிக்கு அதில் இன்னும் மனவருத்தம்.

உப்புவெளியில் வெளியீடு, மழை விட்ட முதல் சனி.
நான் சனத்துக்குள், ஐஸ்கிரீம் வான் பக்கம்.
என் இடத்தில் கிருஸ்திகன் என்றொரு பெடியன்,
அல்பத்தைக் கேட்டுக் கேட்டே பழகினவனாம்.

கடைசிப் பாட்டு. அசங்க குச்சியைத் தூக்கினான்.
எக்கய், தெக்கய்,
முன்வரிசைப் பெடியளும் சேர்ந்து எண்ணினார்கள்.
வேகம் பிடிக்கும் இடம் வந்தது.
துளியும் தயங்காமல்
அவன் விரல் ஒரு கட்டை தள்ளி
மிகச் சரியாக
என் பிழையில் இறங்கிற்று.

பக்கத்தில் தலைமயிரைச் சுழற்றிக்கொண்டு நின்றவன்
என் தோளில் அடித்தான்:
“இந்த இடம்தான் மச்சான்!”

ஐஸ்கிரீம்காரன் மிச்சக் காசு நீட்டினான்.
எண்ணாமல் வாங்கினேன்.